வீடு யார் தலையில்?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அந்தப் பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். முதல் வாரம் அலமாரி, இரண்டாம் வாரம் திரைச்சீலையும் மெத்தை உறையும், மூன்றாம் வாரம் சமையலறை, கடைசி வாரம் பலகாரம். புலனக் குழுவில் ஒருவர் அனுப்புவார், பத்துப் பேர் கைகூப்பி நன்றி சொல்வார்கள். நானும் நிறைய வாசித்திருக்கிறேன். பெரும்பாலும் நல்ல யோசனைகள்தான். ஒரு நாளைக்கு ஓர் அறை போதும், ஒரு வருடமாகத் தொடாத துணியை யாருக்காவது கொடுத்துவிடு, குளிர்பெட்டியைக் காலிசெய்த பிறகே சாமான் வாங்கு. எதிலும் தப்பில்லை.

ஆனால் அந்தப் பட்டியல்களில் எழுவாய் இருக்காது. எல்லாம் ஏவல் வினைகள்: பிரியுங்கள், துடையுங்கள், அடுக்குங்கள். தமிழின் மரியாதைப் பன்மையில் ஆண் பெண் தெரியாது. ‘நீங்கள்’ என்றால் யாராகவும் இருக்கலாம். இருந்தாலும் அது யாரென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பட்டியல் யாருடைய போனுக்கு வந்தாலும் கடைசியில் போய்ச் சேர்வது ஒரே இடம்.

ஆகவே வீட்டை எப்படி ஒழுங்காக வைத்திருப்பது என்பதைவிட, அந்த ஒழுங்கு யாருடையது என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. முந்தையதைத் திறமைக் கேள்வி என்றால் இதை அறக் கேள்வி என்று சொல்வேன். என் பதிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஒழுங்கு குலையும்போது பழி யார்மேல் விழுகிறதோ அவருடையதுதான் அந்த ஒழுங்கு. மற்றவர்கள் எவ்வளவு வேலை செய்தாலும் அதில் வந்துபோகிறவர்கள் மட்டுமே.

செரண்டா வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டதும் தொழிற்சாலை ஞாபகத்துக்கு வருவது இயல்பு. சுங்கை சோவில் பெரோடுவா வந்து, 1994இல் முதல் கஞ்சில் கார் வெளியானதிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குச் சம்பளம் கித்தா மரத்திலிருந்து வருவதில்லை, ஷிப்டிலிருந்து வருகிறது. எனக்கும் அப்படி ஒரு தொழிற்சாலையில்தான் வேலை. அங்கே முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது 5எஸ். சேய்ரி, சேய்டோன், சேய்சோ, சேய்கெட்சு, சிட்சுகே என்ற ஐந்து ஜப்பானியச் சொற்கள். வேண்டாததைப் பிரி, வேண்டியதற்கு இடம் கொடு, சுத்தம் செய், அதை முறையாக்கு, முறையைப் பழக்கமாக்கு. நம் நாட்டில் அரசு அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ போனவர்கள்கூட இந்தப் பலகையைப் பார்த்திருப்பார்கள்.

5எஸ்ஸில் எனக்குப் பிடித்தது நிழல் பலகை. ஒவ்வொரு ஸ்பேனரும் தொங்கவேண்டிய இடத்தில் அதன் உருவத்தை வரைந்துவைப்போம். ஸ்பேனர் இல்லாவிட்டால் உருவம் மட்டும் காலியாகத் தெரியும். புதிதாக வந்தவனும் ஒரே பார்வையில் எது இல்லை என்று சொல்லிவிடுவான். பக்கத்திலேயே அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளரின் பெயரும் படமும் ஒட்டியிருக்கும். ஷிப்ட் மாறும்போது நடந்ததையும் பாக்கியையும் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். இதற்கெல்லாம் அடியில் ஒரே எண்ணம்தான்: ஒழுங்கு எந்தத் தனி ஆளின் ஞாபகத்திலும் இருக்கக் கூடாது. ஞாபகம் விடுப்பு எடுக்கும், காய்ச்சலில் படுக்கும், வேலையை விட்டுப் போய்விடும்.

நம் வீடுகள் நேர் எதிர். அங்கே ஒழுங்கு முழுக்க ஒருவருடைய ஞாபகத்தில்தான் ஓடுகிறது.

தீபாவளிக்கு முன்னால் என் அம்மாவின் தலைக்குள் ஓடுவதில் எனக்குத் தெரிந்த கொஞ்சத்தை மட்டும் எழுதுகிறேன். பித்தளை விளக்கு எந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது, தேய்க்கப் புளி இருக்கிறதா, மாவு மில்லில் எந்த நாள் கூட்டம் குறைவு, அச்சு முறுக்கு அச்சைப் போன வருடம் யார் வாங்கிப் போனார்கள், திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா, சர்க்கரை நோய்க்காரச் சித்தப்பாவுக்கு எதைத் தட்டில் வைப்பது, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்குக் கொடுக்கும் பலகாரத்தைத் தனி எண்ணெயில் தனிச் சட்டியில் சுடுவது, சீனப் பெரியவருக்கு மாட்டிறைச்சி ஆகாது என்பது, இந்த வருடம் துக்கம் நடந்த வீடு எது, அங்கே எதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

இதோடு முதல் நாள் படையல். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஒரு குறிப்பிட்ட சுருட்டு, ஒரு போத்தல் கறுப்புத் தண்ணி. பெரியப்பாவுக்கு நண்டுப் பிரட்டல். பாட்டிக்கு வெற்றிலை, அதில் சுண்ணாம்பு குறைவாக. அம்மா தன் மாமனாரோடு வாழ்ந்தது நான்கு வருடம்தான். அப்பா தன் தகப்பனோடு முப்பது வருடத்துக்குமேல் இருந்தவர். சுருட்டுப் பெயர் தெரிந்தது அம்மாவுக்கு. அப்பாவின் செத்துப்போனவர்களையும் சேர்த்து அம்மாதான் சுமக்கிறார். ஆகவே ஒழுங்கு என்பது டப்பாவுக்கு லேபல் ஒட்டுவதோடு முடிகிற விசயமில்லை. யாருக்கு என்ன பிடிக்கும், யாரோடு என்ன மனத்தாங்கல், யார் இப்போது இல்லை என்று ஒரு குடும்பத்தின் உறவுகள் மொத்தமும் அதற்குள் இருக்கின்றன.

எங்கள் தாமானில் ஓர் அக்காவுக்குத் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது டெங்கி வந்தது. அக்டோபர், நவம்பர் இங்கே மழை மாதங்கள், லோங்காங் நிறைந்து கொசு பெருகும் காலம். மருத்துவமனையில் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்க, நாளுக்கு நாலைந்து முறை வீட்டிலிருந்து போன். சாமி விளக்கு எங்கே, மஞ்சள் துணி எங்கே, தையல்காரரிடம் ரசீது கொடுத்தீர்களா. “வீட்ல மூணு ஆம்பளைங்க. ஒரு விளக்க கண்டுபிடிக்க முடியல” என்று பிறகு சொல்லிச் சிரித்தார். அந்த மூவரும் சோம்பேறிகள் இல்லை. அந்த வாரம் அவர்கள் வீட்டுக்கே சாயம் அடித்தார்கள், சோபாவைத் தூக்கி அடியில் கழுவினார்கள். கைகளுக்குக் குறைவே இல்லை. தலைதான் மருத்துவமனையில் படுத்திருந்தது.

இது எப்போதுமே இப்படித்தான் இருந்ததா? கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டால் இரண்டு வகை ஒழுங்கைப் பற்றிச் சொல்வார்கள். ஒன்று வெளியிலிருந்து வருவது. விடியும் முன்னே பெரட்டு, பிறகு மரக் கணக்கு, பால் நிறுவை. லய வீடும் நிர்வாகத்துக்குச் சொந்தம். டிரெசர் பார்வையிட வருகிறார் என்றால் அஞ்சடி முதல் கால்வாய் வரை கழுவப்படும். வீடு சுத்தமில்லை என்றால் ஏச்சு வாங்குவது அந்த வீட்டுப் பெண். அவளும் அன்று காலை ஆண்களோடு சேர்ந்து மரம் சீவிவிட்டு வந்தவள்தான் என்பது கணக்கில் வராது.

இன்னொன்று லயத்துக்குள் பெண்கள் தாங்களாக உண்டாக்கிக்கொண்டது. பலகாரம் இன்றைக்கு ஒரு வீட்டில், நாளைக்கு அடுத்த வீட்டில். மாவு பிசைய ஒருத்தி, பிழிய ஒருத்தி, எண்ணெய்ப் பக்கம் அனுபவமான கிழவி. அச்சும் பெரிய வாணலியும் வீடு வீடாகச் சுற்றிவரும். எந்த வீட்டில் என்ன இருக்கிறது, எது இல்லை என்று பத்து வீட்டுக்கும் தெரியும். ஒருத்தி படுத்துவிட்டாலும் அவள் வீட்டு விளக்கு ஏறும், ஏனென்றால் விளக்கு இருக்கும் இடம் அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியும்.

தோட்டத்தைப் பொற்காலம் ஆக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்தப் பகிர்வுக்குள் ஆண்கள் வரவேயில்லை. பெண்களின் சுமை பெண்களுக்குள்ளேயே பரவியது, அவ்வளவுதான். ஆனாலும் பரவியது. கித்தா போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்த பிறகு அந்தப் பரவல் நின்றது. வீடு நம் பெயரில், வாசலில் இரும்புக் கதவு, உள்ளே கழிப்பறை. வேண்டிப் பெற்ற நல்ல மாற்றங்கள்தான் இவை. அதே இரும்புக் கதவுக்குள் பத்துப் பெண்கள் சேர்ந்து சுமந்த ஞாபகத்தை ஒருத்தி தனியாகச் சுமக்க வேண்டியதாகிவிட்டது. பலரும் இப்போது எட்டு மணி நேரம் வெளியில் வேலை பார்த்துவிட்டு வந்து சுமக்கிறார்கள்.

வீடே கிடைக்காதவர்கள் இருக்கும்போது வீட்டு ஒழுங்கைப் பற்றி என்ன பேச்சு என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. லாடாங் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்ற ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த கதை இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் காத்திருப்பவர்களுக்குத்தான் ஒழுங்கு இன்னும் உயிர்ப் பிரச்சினை. பழைய சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், சேமநிதித் தாள் இருக்கிறதா என்று பத்து வருடம் கழித்து ஓர் அதிகாரி கேட்பார். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அந்தத் தாள்கள் இருந்தது ஒரு பிஸ்கட் டின்னில், சாமி அலமாரிக்கு அடியில். ஒவ்வொரு தீபாவளிக்கும் பழைய குப்பையைக் கழிக்கும்போது இதைக் கழிக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்தவர் ஒரு பெண்மணி. ஒரு வருடம் அவர் கவனம் பிசகியிருந்தால் அந்தக் குடும்பத்திடம் காட்ட எதுவும் இருந்திருக்காது. வீட்டு ஒழுங்கு சின்ன விசயம் என்பவர்கள் அந்த டின்னைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒழுங்கையும் பழியையும் பற்றி எனக்குக் கிடைத்த மிகப் பழைய உரையாடல் கிரேக்கத்தில் இருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செனபோன் எழுதிய ‘ஒய்கொனோமிகோஸ்’, வீட்டு நிர்வாகம் பற்றிய நூல். பொருளாதாரத்தைக் குறிக்கும் எக்கனாமி என்ற சொல்லே வீட்டு நிர்வாகம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அதில் இஸ்கோமகோஸ் என்ற கனவான் தன் இளம் மனைவியிடம் ஒரு பொருளைக் கேட்கிறான். அவளால் எடுத்துத் தர முடியவில்லை, வெட்கத்தில் முகம் சிவக்கிறது. வருந்தாதே, எது எங்கே இருக்கவேண்டும் என்று உனக்குச் சொல்லித்தராதது என் தப்பு என்கிறான். பிறகு பொனீசியக் கப்பல் ஒன்றைப் பற்றிச் சொல்கிறான். அவ்வளவு சாமானும் சின்ன இடத்தில் அடுக்கியிருக்கும், பொறுப்பாளன் கப்பலில் இல்லாதபோதும் எது எங்கே என்று சொல்லிவிடுவான். நம் வீடும் அப்படி இருக்கவேண்டும் என்று பாடம் முடிகிறது.

பழியை ஏற்றுக்கொள்ளும் கணவன் என்று இதை வாசித்தபோது முதலில் மகிழ்ந்தேன். தொடர்ந்து வாசித்தால் கதை வேறு. பழியை ஒரே ஒரு முறை ஏற்கிறான், பாடம் சொல்லித்தருவதற்காக. இடம் குறித்துக் கொடுத்தாயிற்று, இனி வீட்டுக்குள் எது தவறினாலும் அவள் பொறுப்பு. கப்பலின் அந்த நல்ல ஞாபகசாலியாக இருக்கவேண்டியவள் அவள். இஸ்கோமகோஸ் தன் வெளிவேலைகளைப் பார்க்கப் போய்விடுகிறான். ஏறக்குறைய 2,400 வருடங்களாக வீட்டு ஒழுங்கு பற்றிய அறிவுரை இப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. முறையை ஒருவர் சொல்வார், ஞாபகத்தை இன்னொருவர் சுமப்பார்.

இன்றைய ஆண்கள் இஸ்கோமகோஸைவிட நல்லவர்கள்தான். நம் தலைமுறையில் “ஏதாச்சும் செய்யணுமாம்மா, சொல்லுங்க, செஞ்சிர்றேன்” என்று கேட்காத மகன் குறைவு. பிரான்ஸில் எம்மா என்ற ஓவியர் 2017இல் வெளியிட்ட படக்கதை ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. கேட்டிருக்கலாமே என்று கணவர்கள் சொல்லும் அந்த வாக்கியமே அதன் தலைப்பு. சொன்னால் செய்வேன் என்பவன் வேலைக்காரன் இடத்தில் நிற்கிறான், அவளை மேலாளர் இடத்தில் நிறுத்துகிறான், அந்த மேலாளர் வேலையை மட்டும் யாரும் வேலையாகக் கணக்கிடுவதில்லை என்பதுதான் கதை.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் 35 தம்பதிகளிடம் பேசி எழுதிய ஆய்வு இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. வீட்டைப் பற்றி யோசிப்பதே நான்கு படிகள் கொண்ட வேலை. தேவை வருமுன் உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடந்ததா என்று கண்காணிப்பது. ஆண்கள் ஓரளவு சமமாகப் பங்கெடுத்தது மூன்றாம் படியில், முடிவெடுக்கும் இடத்தில். முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் பெண்களிடம். நம் வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தும். எந்த நிறச் சாயம் என்று முடிவெடுக்க அப்பா இருப்பார். சுவர் உரிந்திருக்கிறது என்று ஆகஸ்டிலேயே கவனித்தவர் அம்மா.

கடிகாரத்தை வைத்து அளந்தாலே ஏற்றத்தாழ்வு தெரியும். கசானா ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையில் ஆண்களைவிடப் பெண்கள் 63.6 விழுக்காடு அதிக நேரம் செலவிடுவதாகச் சொன்னது. இந்தியாவில் அதே ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். ஆனால் இந்தக் கணக்குகள் கைகள் செய்வதை அளப்பவை. பேருந்தில் உட்கார்ந்து எண்ணெய் பாக்கெட்டை எண்ணிக்கொண்டிருக்கும் தலைக்கு எந்தக் கடிகாரமும் இல்லை.

சரி, பொறியாளனுக்கு உடனே தோன்றும் தீர்வு ஒன்று உண்டு. அம்மாவின் தலையில் இருப்பதை எல்லாம் எழுதி வெளியே எடு. நிழல் பலகை மாட்டு. பட்டியலைக் குளிர்பெட்டியில் ஒட்டு. இதை வீட்டில் பேசிப் பார்த்தபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “எல்லாத்தயும் எழுதி ஒட்டிட்டா அப்புறம் நான் எதுக்கு?” என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அந்தப் பாதி நிஜம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது.

ஏனென்றால் இதே கதை தொழிற்சாலை வரலாற்றிலும் இருக்கிறது. 1911இல் ஃபிரெடரிக் டெய்லர் அறிவியல் மேலாண்மை பற்றி எழுதிய நூலில், நிர்வாகத்தின் முதல் கடமையாகச் சொல்வது தொழிலாளியின் கைக்குள்ளும் தலைக்குள்ளும் இருக்கும் அறிவைத் திரட்டி நிர்வாகத்தின் கைக்குக் கொண்டுவருவது. திரட்டியாயிற்று. அதற்குப் பிறகு தொழிலாளி யோசிக்கத் தேவையில்லை, சொன்னதைச் செய்தால் போதும். வேலை அவனிடமே இருந்தது, வேலையின் மேல் இருந்த அதிகாரம் போய்விட்டது. தோட்டத்தில் எதுவுமே தன்னுடையதாக இல்லாத ஒருத்திக்கு, வீடு, நிலம், நேரம் எல்லாம் கம்பெனியுடையதாக இருந்த ஒருத்திக்கு, எது எங்கே என்று தெரிந்திருந்ததுதான் ஒரே சொத்து. என் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்ததும் அந்தச் சொத்துதான். மகன் வந்து அதை எக்ஸெலில் போடுகிறேன் என்றால் துரை வந்து கணக்கெடுப்பது மாதிரி இருக்காதா?

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதை இந்த முடிச்சின் நடுவில் கைவைக்கிறது. சமையலறையை விட்டுவிடாதே, பெண்ணின் பலம் அங்கேதான் என்று மூத்தவள் இளையவளுக்குச் சொல்வாள். அந்தப் பலம் பொய்யில்லை. அந்தப் பலத்துக்கு ஆயுள் முழுவதையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கதையின் வேதனை. ஆகவே “அவங்களுக்கு அது பிடிச்சிருக்கு, விடுங்க” என்று சொல்வதும் தப்பு, “அவங்களுக்குத் தெரியல, நாம விடுதலை பண்ணணும்” என்று போவதும் தப்பு. முதல் பேச்சு நம் வசதிக்காக, அடுத்தது நம் பெருமைக்காக.

இந்த இடத்தில்தான் பழி எனக்கு உதவுகிறது. டெய்லரும் “சொல்லுங்க செய்றேன்” என்ற மகனும் ஒரே காரியத்தை இரண்டு முனையிலிருந்து செய்கிறார்கள். அவர் அறிவை எடுத்துக்கொண்டு உழைப்பை அவர்களிடம் விட்டார். இவன் உழைப்பை வாங்கிக்கொண்டு அறிவையும் பொறுப்பையும் அவளிடம் விடுகிறான். தலையையும் கையையும் வெட்டிப் பிரிப்பதில்தான் அநியாயம் இருக்கிறது. அப்படியானால் நியாயமான பங்கு என்பது ஒரு காரியத்தைத் தலை, கை, பழி மூன்றோடும் சேர்த்து முழுதாக எடுத்துக்கொள்வதாகத்தான் இருக்க முடியும். மாவு என்றால் அரிசி வாங்கும் நாள் முதல் டின்னை மூடுவது வரை. இடையில் யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. நடக்காவிட்டால் வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கவேண்டியது எடுத்தவனை. எதை விட்டுக்கொடுப்பது, எதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் இதுவரை சுமந்தவருக்கு.

எங்கள் வீட்டில் அம்மா விட்டுக்கொடுத்தது பலகாரம். படையலை விடவில்லை. “அவங்கள நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். அது அவருடைய உரிமை. சுருட்டுப் பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

இன்னொரு வாதம் உண்டு, நண்பர்கள் அடிக்கடி சொல்வது. ஏன் இவ்வளவு அலட்டல்? திரைச்சீலை மாற்றாவிட்டால் என்ன, வீடு கொஞ்சம் கலைந்திருந்தால் என்ன, வருகிறவர்கள் சொந்தக்காரர்கள்தானே. கேட்க நன்றாக இருக்கும். 2023 தொடக்கத்தில் மாரி கொண்டோ, வீட்டை அடுக்கிவைக்க உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர், மூன்று குழந்தைகளுக்குப் பிறகு தன் வீடு முன்போல் ஒழுங்காக இல்லை, அதை ஓரளவு விட்டுவிட்டேன் என்று சொன்னார். பெரிய செய்தியாகி, கேலியும் வந்தது. அந்த வீட்டில் அவர் கணவரும் இருக்கிறார். அவர் வீடு கலைந்துகிடக்கிறது என்று ஒரு தலைப்பும் என் கண்ணில் படவில்லை. அளவைக் குறைப்பதுகூட அவள் குறைத்ததாகத்தான் எழுதப்படும்.

எனவே பழி விழாத ஆள் “கொஞ்சம் கொறச்சிக்கலாமே” என்று சொல்வது அடுத்தவர் காசில் தாராளம் காட்டுவது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் கொடுத்தார், ஒன்பதாவது. அதற்கு மூன்று அதிகாரம் முன்னால், வாழ்க்கைத்துணைநலத்தில், மனையின் பெருமையை மனைவியின் குணத்தோடு கட்டிவைத்தார். விருந்தின் புண்ணியம் வீட்டுக்கு, வீட்டின் குறை பெண்ணுக்கு என்ற நம் வழக்கம் இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து வளர்ந்தது என்று எனக்குத் தோன்றும். திறந்த இல்ல உபசரிப்பில் வாசலில் நின்று கைகுலுக்குகிறவர் வேறு, மின்விசிறித் தகட்டில் தூசி இருந்தால் பேச்சு வாங்குகிறவர் வேறு.

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்கு சுடவில்லை. பத்தாங் காலியில் வீட்டிலேயே செய்து விற்கும் ஒரு பெண்மணியிடம் சொல்லி வாங்கினோம். ஷிப்டுக்கு நடுவில் இரண்டு வகை சுட நேரம் போதும், நான்கு வகைக்குப் போதாது என்று கணக்குப் போட்டு நான் எடுத்த முடிவு. அத்தை வந்தார், ஒன்றைக் கடித்தார், அம்மாவைப் பார்த்து “என்ன அண்ணி, இந்த வருசம் முறுக்கு வெளிய வாங்கினதா?” என்றார். “அத்தை, பலகாரம் என் பொறுப்பு. நான்தான் வாங்கினேன்” என்றேன். அத்தை சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் அம்மாவிடமே திரும்பி, “மாவு இப்பல்லாம் மில்லுல சரியா அரைக்கிறதில்ல இல்ல அண்ணி?” என்று அவருக்கு ஒரு சாக்கும் எடுத்துக்கொடுத்தார்.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்கத் தன் வீட்டுப் பழியைச் சுமந்தவர், அது ஓர் ஆணின்மேல் விழும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தச் சிரிப்பில் இந்தக் கேள்வியின் மிச்சம் முழுவதும் இருக்கிறது. வேலையை வீட்டுக்குள் பங்கு போட்டுக்கொள்ளலாம், பேசி முடித்துவிடலாம். பழி வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது. உறவும் தெருவும் அதை எங்கே போடவேண்டும் என்று ஏற்கனவே முடிவுசெய்து வைத்திருக்கின்றன. நாம் கைநீட்டினாலும் நம் கையில் விழாது. ஆகையால் அமைதியாக வேலை செய்துவிட்டு ஒதுங்குகிற நல்ல பிள்ளையாக இருப்பது இந்த ஒரு விசயத்தில் போதாது. கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் வருகிறவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டியிருக்கிறது: இது என் வேலை, குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். முதல் வருடம் சிரிப்பார்கள். இரண்டாம் வருடம் பையன் பாவம் என்பார்கள், மருமகள் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் உடனே மறுக்க வேண்டும். அதை விட்டால் இன்னும் வராத ஒரு பெண்ணின் தலையில் இந்த வீடு இப்போதே ஏறிவிடும்.

வரும் தீபாவளிக்கும் பட்டியல்கள் வரும். யாராவது எனக்கு அனுப்பினால் ஒரே ஒரு பத்தி சேர்த்துத் திருப்பி அனுப்புவதாக இருக்கிறேன். எந்த வாரம், எந்த அறை என்பதற்குப் பக்கத்தில் இப்படி ஒரு தலைப்பு: நடக்காவிட்டால் யாரை ஏசுவது? எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால், அந்த வீடு எவ்வளவு பளபளத்தாலும் இன்னும் ஒழுங்காகவில்லை.